ஒரு ‘மு’வுக்குள் இரண்டு பேர்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளுக்கு ஒரு சூடும் ஒரு வாடையும் உண்டு. நேற்று பழவேற்காடு கடைத்தெருவில் ஆதார் நகல் எடுக்கப் போயிருந்தேன். உன் ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நான் போனது பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் கடை. அங்கே இருந்த பெண் தாளை நீட்டினாள். வாங்கியதும் அந்தச் சூடு உள்ளங்கையில் பட்டது. படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர், “யக்கா, வழிய வுட்டு நில்லுங்க” என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

உன்னோடு பேச வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தவித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என் மகள் சுகன்யா போனில் ஒன்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டையை உரித்துக் கொடுத்துவிட்டு உரித்த ஓடுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது. நீ இருந்திருந்தால், “உனக்கு எப்பதான் அலுக்கல, உக்காரு” என்று ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டிருப்பாய்.

ஆறாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்ச். நான் லைட்ஹவுஸ் குப்பத்து வலைக்காரர் மகள், நீ கோட்டைப் பக்கத்துத் தெருவில் பழைய கப்பல் வியாபாரக் குடும்பத்தின் மிச்சம். உங்கள் வீட்டில் கப்பலும் இல்லை வியாபாரமும் இல்லை, பெரிய கதவு மட்டும் இருந்தது. பத்தாவது முடித்ததும் எனக்குக் கல்யாணம், உனக்கு டைப்ரைட்டிங். பிறகு நீ ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கினாய், ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாய். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், “மெஷினத்தான் கட்டிக்கினேனே, பார்க்கலியா?” என்றாய். என் அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியதும் நீதான். சாயங்காலம் நாலு மணிக்குப் பூட்டிவிட்டுப் பாலத்தைக் கடந்து உன் கடைக்கு வந்துவிடுவேன். இருபது வருஷம் அப்படியே ஓடிப்போனது.

அந்தக் கடையில் பாதி வேலை பெயர்களோடு மல்லுக்கட்டுவது. நம் ஆட்களுக்கு ஒரு பெயர், முன்னால் ஒரு எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான். பாஸ்போர்ட் விண்ணப்பமோ, “குடும்பப் பெயர்” என்று தனியாக ஒரு கட்டம் வைத்துக்கொண்டு கேட்கும். கட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அப்பா பெயரைத் தூக்கி அதில் போடுவோம். நம் குப்பத்து எல்லப்பன் மகன் துபாய் போனானே, அங்கே அவனை எல்லோரும் “எல்லப்பா, எல்லப்பா” என்று கூப்பிட்டார்களாம். அவனுக்கு ஆறு மாதம் அது தன்னைத்தான் என்றே உறைக்கவில்லை. “பெரியவர் இங்க ஏரியில எறா புடிச்சிக்கினு கீறாரு, அங்க ஃபோர்மேன் அவர வேலைக்குக் கூப்புடுறான்” என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்ததும் யோசிப்பாய். பெயர் என்று வந்துவிட்டால் உனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

என் சங்கதி உனக்குத் தெரியாததல்ல. சுகன்யாவின் அப்பா அவளுக்கு மூன்று வயதில் லாரி ஓட்டப் போகிறேன் என்று கிளம்பியவர். எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம், ஆந்திராவில் எங்கோ இன்னொரு குடும்பமாகிவிட்டார் என்று கேள்வி. வந்து எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் அவருடைய முதல் எழுத்து என் மகளின் பெயருக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து நர்சிங் கல்லூரி வரைக்கும் கூடவே வந்தது. மு. சுகன்யா. நான் அதைப் பத்திரமாகக் காப்பாற்றினேன். நம் பக்கத்தில் சண்டை என்று வந்தால் முதலில் வாயில் வருவது என்ன? “இனிஷியல் இல்லாதவன்.” என் பிள்ளையை யாரும் அப்படி ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மனுஷன் போனால் போகட்டும், எழுத்து இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. விட்டுவிட்டுப் போனவர் பெயரையும் சொல்ல வராது, பழக்கம் அப்படி. இப்போது இந்த மடலிலும் எழுத வரவில்லை பார்.

அந்தப் பெண்மணி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நரைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, தோளில் துணிப்பையோடு வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, யூதர். குடும்பப் பெயர்கள் எப்படி வந்தன என்று தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் அவருடைய பொழுதுபோக்காம். கொச்சி பார்த்துவிட்டு, இங்கே டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். கப்பலில் வந்த வியாபாரிகளில் தங்கள் ஆட்கள் யாராவது இருப்பார்களோ என்று எலும்புக்கூடு செதுக்கிய அந்தக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குள் காலையிலிருந்து வெயிலில் கல் கல்லாகப் படித்திருக்கிறார். ஒரு பெயரும் கிடைக்கவில்லை. எடுத்த படங்களைத் தாளில் அச்செடுக்க வந்தார். மெஷினில் தாளை வைத்தாய், கரண்டு போனது.

மூன்று மணி நேரம் வரவில்லை. மூன்று மணி நேரமும் அவர் பேசினார், நீ எனக்குத் தமிழில் சொன்னாய். நான் உன் கடை விசிறியால் மூவருக்கும் வீசிக்கொண்டிருந்தேன்.

முதலில் அவர்களுக்கும் குடும்பப் பெயரே கிடையாதாம். இன்னார் மகன் இன்னார், அத்தோடு சரி. “நம்மள மாதிரிதான்டி” என்றாய். அப்புறம் அந்த நாடுகளில் ராஜாங்கம் வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கவும் எல்லோருக்கும் நிரந்தரமாக ஒரு பெயர் வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஒரு மேசை, ஒரு அதிகாரி, ஒரு நோட்டு. வரிசையில் வந்து நின்றவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். சொல்லத் தெரியாதவர்களுக்கு அதிகாரியே ஒன்றை எழுதினார். “இப்ப அந்த மேசையில நான் உக்காந்துக்கினு கீறேன்” என்று நீ உன் கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினாய். அவரிடமும் இங்கிலீஷில் சொன்னாய். அவர் சிரித்தார்.

அவர்கள் பெயர்களில் கோஹென் என்றால் பழங்காலக் கோயிலில் பூசை செய்த வம்சம். லேவி என்றால் அந்தக் கோயிலில் ஊழியம் பார்த்தவர்கள். டொலெடானோ என்றொரு பெயர், ஸ்பெயின் நாட்டில் டொலெடோ என்ற ஊர்க்காரர்கள். அந்த நாட்டிலிருந்து அவர்களை விரட்டி எத்தனையோ நூறு வருஷம் ஆகிறது. ஊர் போனாலும் ஊர்ப்பெயரைத் தூக்கிக்கொண்டே அலைகிறார்கள். நம் நாட்டிலேயே பம்பாய்ப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த யூதர்கள் உண்டாம். அவர்கள் தங்கள் கிராமத்துப் பெயரோடு ‘கர்’ என்று சேர்த்து வைத்துக்கொண்டார்களாம். நீ விடுவாயா? “மீன்காரன்னு ஒரு பேர் இருக்குதா, கேளு” என்று உன்னையே நீ ஏவிக்கொண்டு கேட்டாய். இருக்கிறது என்றார், ஃபிஷர். “உங்க குப்பத்துக்கே ஒரே பேரா போட்டுறலாம், எனக்கும் வேலை மிச்சம்” என்று என் தொடையில் தட்டினாய்.

காட்ஸ் என்ற பெயரைச் சொன்னபோதுதான் நீ எழுந்தே நின்றுவிட்டாய். கேட்பவர்கள் பூனை என்று நினைப்பார்களாம். ஆனால் அது இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது, நீதியுள்ள பூசாரி என்று பொருள். “இனிஷியல்டி! இனிஷியலையே பேரா வெச்சிக்கினு கீறாங்க!” என்று கூவினாய். எதிர்த்த கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

கடைசியில் நீ அவருடைய பெயரைக் கேட்டாய். பெர்ல்மன். பெர்ல் என்ற பெண்ணைச் சேர்ந்தவர்கள். அப்படிப் பெண் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர்கள் நிறைய உண்டு என்றார். ரிவ்கா என்பவள் வழியில் ரிவ்கின். பல வீடுகளில் ஆண்கள் வேதம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அல்லது எங்கேயாவது போயிருப்பார்கள். சந்தையில் கடை போட்டு வீட்டை நடத்தியது பெண். ஊருக்குத் தெரிந்தது அவள் பெயர்தான். அதிகாரி வந்து யார் வீடு என்று கேட்டபோது அக்கம்பக்கம் அவள் பெயரைச் சொன்னது, அது நின்றுவிட்டது. “அந்த பெர்ல் யாரு, இன்னா வேலை செஞ்சா, ஒண்ணும் தெரியாதாம். பேர் மட்டும் வந்து சேர்ந்துச்சாம்” என்று சொல்லிவிட்டு, நீ சட்டென்று என் பக்கம் திரும்பினாய். “ஏய், பெர்ல்னா இன்னா தெரியுமா? முத்து. உன் பேரு!”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முத்தம்மா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு மறந்திருந்தது. பிள்ளைகளுக்கு நான் டீச்சர், குப்பத்துக்கு நான் சுகன்யா அம்மா. அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “முத்தம்மா” என்று மெதுவாகத் திருத்தமாகச் சொல்லிப் பார்த்தார். கரண்டு வந்தது. படங்களை வாங்கிக்கொண்டு, உன் வாட்ஸ்அப் எண்ணையும் வாங்கிக்கொண்டு போனார்.

அது நடந்து பத்து நாளோ பதினைந்து நாளோ இருக்கும். சுகன்யா சென்னையில் நர்சிங் கடைசி வருஷம். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுத்து வைக்கச் சொன்னார்கள் என்று காகிதங்களை உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு அன்று ஜுரம். நீ தட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாய்.

“குடும்பப் பேரு?”

“இனிஷியல போடு.”

“ஒத்த எழுத்து போட்டா வெளியூர்ல பேஜாரு. முழுசா சொல்லு.”

“தெரியாத மாதிரி கேக்குற பாரு. மு-ல ஆரம்பிக்கும், போட்டுக்கோ.”

“வாயத் தொறந்து சொல்லேன்.”

“சொல்ல மாட்டேன்னு தெரியும் இல்ல? மு-தான். சீக்கிரம் முடி, தலை வலிக்குது.”

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டு வந்தாய். தட்டி முடித்தாய். அச்செடுத்த தாளை நான் படித்துப் பார்க்கவில்லை. நீ தட்டியதை நான் எந்த நாளும் படித்துப் பார்த்ததில்லை.

ஒரு மாதம் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பாஸ்போர்ட் விசாரணைக்கு ஆள் வந்தார். ஃபைபர் படகுகள் கரையேறியிருந்த நேரம். பெண்கள் மீனைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் நடுவிலும் அவர் தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். “சுகன்யா முத்தம்மா. இது யாரும்மா முத்தம்மா? பொண்ணோட நைனா பேரு போடலியா?”

 பக்கத்து வீட்டுக்காரி, “அட, இவளே அம்மா, இவளே நைனா!” என்றாள். சிரிப்பு அலை மாதிரி ஒவ்வொரு வாயாகப் போனது. வந்தவர் நல்ல மனுஷன். “இதுல ஒண்ணும் தப்பு இல்லம்மா, இப்பல்லாம் அம்மா பேரு போட்டுக்கலாம். ஆளு கீறாங்களான்னு பார்க்கத்தான் வந்தேன்” என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார். அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. சிரிப்புதான் ஏறியது.

அப்படியே பாலத்தைக் கடந்து வந்தேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் பார்க்கவில்லை.

“இன்னாடி எழுதி வெச்சிக்கீற என் பொண்ணுக்கு?”

நீ நாற்காலியிலிருந்து எழவில்லை. “நீ மு-ன்னுதான் சொன்ன” என்றாய். “மு-ல உன் பேரும் கீது.”

அதற்கு மேல் நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். “அப்பன் பேரு தெரியாதவன்னு என் பொண்ண ஊரு சிரிக்கணும், அதானே உனக்கு வேணும்? நாளைக்கு அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தா நீயா வந்து பதில் சொல்லுவ? புருஷனும் இல்லாம புள்ளையும் இல்லாம மெஷினோட குந்திக்கினு கீறவளுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?”

நாலு பேரும் உன்னைப் பார்த்தார்கள். நீ பதில் சொல்வாய் என்று காத்திருந்தேன். வாய் உனக்குக் குறைச்சலா? நீயோ மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த யாருடையதோ ரேஷன் கார்டை எடுத்து, துடைத்து, அதற்குரியவரிடம் கொடுத்தாய். நான் திரும்பி வந்துவிட்டேன். மாற்றச் சொல்லி வேறு கடையில் கேட்டேன். மறுபடி எல்லாம் முதலிலிருந்து என்றார்கள். சுகன்யா, “வுடும்மா, பரீட்சை கீது” என்றாள். விட்டேன். உன்னை மட்டும் விடவில்லை.

நாலு மாதம் உன் கடைப் பக்கம் வரவில்லை. கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தால் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு தடவை பஸ்ஸில் உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய், துப்பட்டா முகத்தை மறைத்திருந்தது, மெலிந்திருந்தாய். பொன்னேரிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின் படியில் இறங்கினேன். கூப்பிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அவ்வளவு வீம்பு.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று உன் அண்ணன் மனைவி சொல்லித்தான் ஓடி வந்தேன். வார்டில் நீ என்னைப் பார்த்ததும் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாய். “உக்காரு, ஸ்டூல் இல்ல இங்க” என்றாய். நான் அழுதேன். நீ அழவில்லை. நடந்ததைப் பற்றி நான் பேச வாயெடுத்தபோதெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவினாய். எழுதியது தப்பு என்று நீயும் சொல்லவில்லை, பேசியது தப்பு என்று என்னையும் சொல்ல விடவில்லை.

அங்கேதான் ஒரு மத்தியானம் உன் போனில் பெர்ல்மன் அம்மாவின் செய்தி வந்தது. உனக்கு உடம்பு சரியில்லை என்று நீதான் எப்போதோ சொல்லியிருந்தாய் போலிருக்கிறது. கண் கூசுகிறது என்று என்னைப் படிக்கச் சொன்னாய். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தங்கள் கோயிலில் உனக்காக வேண்டிக்கொள்ளப் போவதாகவும், அதற்கு உன் அம்மா பெயர் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மற்ற காரியங்களில் அவர்கள் ஆளை அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்வார்களாம். நோயாளிக்காக வேண்டும்போது மட்டும் இன்ன அம்மாவின் பிள்ளை என்றுதான் சொல்வார்களாம்.

“பதில் போடு” என்றாய். நான் விரலைத் தூக்கியபடி விழித்தேன். உன் அம்மா கையால் எத்தனை நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன். பெயர் தெரியவில்லை. “உம்மா” என்று நீ கூப்பிட்டாய், நானும் அதையே கூப்பிட்டேன். “ஹலிமா” என்றாய். தட்டச்சு செய்து அனுப்பினேன். அதற்குப் பிறகு நானும் மாதா கோயிலோ அம்மன் கோயிலோ எதைக் கடந்தாலும், ஹலிமா மகளைக் காப்பாற்று என்றுதான் வேண்டினேன். மூன்று கோயில்களில் வேண்டியும் ஒன்றும் ஆகவில்லை. நீ வார்டுக்குப் போன ஏழாவது வாரம் உன்னைக் கபர்ஸ்தானுக்கு எடுத்துப் போனார்கள். பெண்கள் உள்ளே வருவதில்லை என்றார்கள். சுவருக்கு இந்தப்பக்கம் நின்றுவிட்டு வந்தேன்.

இதெல்லாம் ஆகி மூன்று வருஷம். முகத்துவாரம் மறுபடி தூர்ந்து கிடக்கிறது, ஏரியில் மீன் இல்லை. வலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அங்கன்வாடிக்குப் புதுசாக ஒரு செல்போன் கொடுத்து, பிள்ளைகள் தின்ற முட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறார்கள். எனக்கு மூட்டு வலி. இதையெல்லாம் சொல்ல ஆள் தேடி அலுத்துவிட்டேன்.

சுகன்யா ஜெர்மனி போய் எட்டு மாதம் ஆகிறது. அங்கே மரியாதையாகக் கூப்பிடுவது என்றால் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். சட்டையில் குத்திய அட்டையில் அதுதான் இருக்கிறதாம். ஃப்ராவ் முத்தம்மா, அதாவது முத்தம்மா மேடம். காலையில் டாக்டர் கூப்பிடுவது அப்படி, கட்டிலில் கிடக்கும் கிழவர்கள் கூப்பிடுவது அப்படி. பெர்ல்மன் அம்மாவின் பாட்டி யூதர்களைக் கொன்ற காலத்தில் ஒரே ஒரு பெட்டியோடு தப்பித்து வந்தது அந்த நாட்டிலிருந்துதான் என்று நீ ஒரு தடவை சொல்லியிருந்தாய். 

முதல் மாதம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மா, “ஃப்ராவ் முத்தம்மா!” என்று கத்தினார். நான் இங்கே அடுப்படியிலிருந்து, “இன்னா?” என்றேன். சுகன்யா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கு. வெட்கத்தில் வரவில்லை. கடல் தாண்டி, நான் பார்க்கவே போகாத ஒரு ஊரில், என் பெயரைச் சொல்லி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கணம்தான் எனக்கு முதல்முதலாக நீ செய்தது சரி என்று பட்டது. குப்பத்தில் அன்று சிரித்தவள், தன் பேத்திக்கும் அப்படிப் போடலாமா என்று போன வாரம் கேட்டுவிட்டுப் போனாள். உன்னிடம் சொல்லிக் கைகொட்டிச் சிரிக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சுகன்யாவிடம் சொன்னேன். “ஆண்ட்டி அன்னிக்கு அவளா யோசிச்சி எழுதினா. நான்தான் புரியாம கத்திப்புட்டேன்” என்றேன்.  

“ம்மா, ஆண்ட்டி எழுதல. நான்தான் எழுதச் சொன்னேன்.”

அன்று நீ போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனது அவளைக் கூப்பிடத்தான். உன் அப்பா பெயரை உன் அம்மா சொல்ல மாட்டேன் என்கிறாள், என்ன போடட்டும், பேர் உன்னோடதுதானே என்று கேட்டிருக்கிறாய். அவள், “அந்த ஆளோட பேர நான் ஆயுசுக்கும் சுமக்க மாட்டேன் ஆண்ட்டி. எங்கம்மா பேரப் போடுங்க. கேட்டா ஒத்துக்க மாட்டாங்க, சொல்லாதீங்க” என்று சொல்லியிருக்கிறாள். பிறகு பாஸ்போர்ட் ஆபீசுக்குத் தானே போய், திரையில் பெயரைப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். என் மகள் தன் பெயரைப் பார்த்திருப்பாளே என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் உன்மேல் இருந்தது, அதனால் தோன்றவில்லை.

“அப்ப நான் ஆண்ட்டியத் திட்டினப்ப ஏன்டி வாயத் தொறக்கல?”

“உண்மையச் சொல்லிடறேன்னு அன்னிக்கு ராத்திரியே ஆண்ட்டிக்குப் போன் பண்ணேன்மா. வேணாம்னுட்டாங்க.” அவள் அழ ஆரம்பித்தாள். “அப்புறம் ஆண்ட்டியே போயிட்டாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தன நாளா...”

“இன்னா சொன்னா? ஏன் வேணாம்னா?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். உன் குரலே கேட்டது எனக்கு.

“‘உங்கம்மா உன்மேல கோவிச்சுக்கினா தாங்க மாட்டா. என்மேல கோவிச்சுக்கட்டும், ரெண்டு நாளுல திரும்பி வந்துடுவா’ன்னு சொன்னாங்கம்மா.”

திரும்பி வந்தேன்தான். நாலு மாதம் கழித்து, உன் கடைக்கு இல்லை, ஆஸ்பத்திரி வார்டுக்கு.